விஜயதசமியன்று எழுதிய நான்கு வரி

இதை எழுத உட்கார்ந்து எத்தனை தடவை பேனாவை மூடி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு கூட வேலை செய்த ஒரு பெண்ணின் படிப்புக்கு ஏதாவது குந்தகம் வந்துவிடுமோ என்ற யோசனை. ஓய்வு பெற்ற பிறகு அந்த இரண்டு கவலையும் இல்லை. ஆனாலும் பத்தாவதோடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்று வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டேன். போன மாசம் தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்ததுதான் என்னை உட்கார வைத்தது.

பக்கத்து இலையில் இருந்தவர் எனக்கு முன்பின் தெரியாதவர். ரசம் வருவதற்குள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"தெரியுமா சார், மயிலாப்பூர் குளத்துப் பாசில கேன்சருக்கு மருந்து கீதாம். அடையார்ல ஒரு லேப்ல ஆயுத பூஜை அன்னிக்கு பியூன் ஒருத்தரு கனவுல அம்பாளே வந்து சொன்னாளாம். வெள்ளக்காரன் உள்ள பூந்து அமுக்கிட்டான்."

"யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியும் சார். எங்க மச்சினிக்கு மார்ல கட்டி. ஆபரேஷன்னு டாக்டரு சொல்றாரு. அதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் பாசித்தண்ணி புடிச்சினு போய்க் குடுத்துப் பாக்கலாம்னு கீறேன்."

"அந்தப் பியூன் நான்தாங்க. எனக்குக் கனவு எதுவும் வரல்லை" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எப்படி சார் அவரா இருப்பே? அவரு சித்தியாயிட்டாரு" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு அந்தண்டை ஒரு சந்தில். காலையில் குளித்து விபூதி பூசி, கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு சைக்கிளை எடுத்தால் மந்தைவெளி வழியாகப் பாலம் தாண்டி அடையாறு. மழைக்காலத்தில் பஸ். பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, முடி கொட்டிய தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்த பஸ்ஸில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பதைத் தவிர அந்த நோய்க்கும் எனக்கும் அதுவரை சம்பந்தம் இல்லை.

எங்கள் பிரிவின் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குளத்துப் படியில் காலை வைத்தால் வழுக்குமே, அந்தப் பச்சைக் குழம்பில் ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. கண்ணுக்குத் தெரியாத உயிர், கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தன்னைத் தின்ன வரும் புழுப்பூச்சியிடமிருந்து தப்பிக்க அது தனக்குள்ளேயே சில சரக்கு தயாரித்து வைத்துக்கொள்ளுமாம். அதில் ஏதாவது ஒன்று புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைச் செய்ய வருஷங்கள் ஆகும்.

பாசியைச் சுரண்டிக்கொண்டு வருவது என் வேலை. ஆற்று முகத்துவாரம், வேளச்சேரி ஏரி, கோவளத்துப் பக்கம் உப்பளம் என்று சின்னச் சின்ன பாட்டில்களோடு அலைந்திருக்கிறேன். எங்கள் தெப்பக்குளம் பாதி வருஷங்கள் காய்ந்துதான் கிடக்கும். அந்த வருஷம் தண்ணீர் இருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து பழைய ஸ்பூனால் கொஞ்சம் சுரண்டி எடுத்து வந்தேன். அது நாற்பத்தொன்றாம் எண் பாசி.

வந்ததைத் தனித்தனியாகப் பிரித்து, உப்புக்கள் கலந்த தண்ணீரில் கண்ணாடிக் குடுவைகளில் வளர்ப்பாள் ஆராய்ச்சி மாணவி. ராயப்பேட்டையிலிருந்து வருகிற முஸ்லிம் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே தையல் கடை. அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜைத் தாண்டிப் போனவள் அவள்தான். என்னை அண்ணே என்பாள். பாசி அறையில் அலமாரி அலமாரியாகக் குடுவைகள், ஒவ்வொரு தட்டின் மேலும் டியூப் லைட். ராத்திரி பகல் என்று இல்லாமல் அவை எரிய வேண்டும். அறைக் கதவில் ஒரு நீளப் பதிவேடு தொங்கும். காலை ஒரு வரி, மாலை ஒரு வரி: வெப்பம் எவ்வளவு, விளக்கு எரிகிறதா, என் கையெழுத்து.

"பாசி வளக்கிறதும் மாடு வளக்கிறதும் ஒண்ணுண்ணே. லீவு கிடையாது" என்பாள்.

பாசி நன்றாக வளர்ந்ததும் வடித்து, உலர்த்தி, சாராயம் மாதிரி ஒரு திரவத்தில் ஊறவைத்து சாறு இறக்குவாள். அந்தச் சாறு மாடிக்குப் போகும். அங்கே பல்லாங்குழி மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு சாறு. இரண்டு நாள் கழித்து மஞ்சள் நிற மருந்து ஒன்று விட வேண்டும். செல் உயிரோடு இருந்தால் அந்த மஞ்சள் ஊதாவாக மாறிவிடும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். ஆகவே எங்களுக்கு மஞ்சள்தான் மங்களம். ஆனால் மாசக்கணக்காக எங்கள் தட்டில் கத்தரிக்காய்த் தோல் நிறம்தான் வந்தது.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியருக்கும் வீடு மயிலாப்பூர்தான். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் கூர். படி இறங்கி வரும்போதே கேட்பார்: "என்னம்மா, உன் பாசி இன்னிக்காவது யாரையாவது கொன்னுதா?"

"இல்ல சார். எல்லாம் சாதுவா இருக்கு."

"நாலு வருஷம் முடியப் போறது. சாதுவை வெச்சிண்டு தீசிஸ் எழுத முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவள் சிரிக்க மாட்டாள். உதவித்தொகை நின்றுவிட்டால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு நாள் குடுவை கழுவும்போது என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கூடத்தில் பண்டிகைக்கு முதல்நாள் மத்தியானமே பூஜை போட்டுவிடுவோம். எல்லா மிஷினையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பொரி கடலை விநியோகம். அந்தப் பெண்ணும் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். "விளக்கு மட்டும் பாத்துக்கங்கண்ணே. நாற்பத்தொண்ணை நாளைக்கழிச்சு வந்து வடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை முடிகிற வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அரிவாள்மணையைக்கூடத் தொட மாட்டோம், காய் முன்னமே நறுக்கி வைத்துவிடுவோம். இங்கே எல்லா மிஷினும் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறது. பாசி அறை விளக்குகளுக்கும் பொட்டு வைத்தேன், ஆனால் அவை எரிந்துகொண்டே இருந்தன. வருஷம் பூராவும் எனக்காக உழைக்கிற சாமான், இதற்கு மட்டும் என்ன பாவம் என்று தோன்றியது. முந்தின வாரம்தான் இரண்டு டியூப் லைட்டில் சோக்கு கருகியிருந்தது. ஓய்வு கொடுக்காததுதான் காரணம் என்று என் மனசில் பட்டது. எல்லாரும் போன பிறகு கைகூப்பிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். பதிவேட்டையும் என் பேனாவையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவைப் போட்டு வைத்தேன்.

மறுநாள் விடுமுறை. பதிவேட்டில் எழுதுவதற்காக நான் வந்து போக வேண்டிய நாள். வந்தேன், கதவைத் திறந்து பார்த்தேன், இருட்டாக இருந்தது, பூட்டிவிட்டுப் போனேன். பதிவேடு பூஜையில் இருக்கிறதே, எப்படி எழுதுவது?

விஜயதசமி காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டேன். குடுவைகளில் பச்சை கொஞ்சம் மங்கியிருந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டுப்போன நான்கு வரிகளையும் ஒரே மூச்சில் எழுதினேன். விளக்கு என்ற கட்டத்தில் நான்கு தடவையும் "எரிகிறது" என்று போட்டேன். யோசித்துப் போட்ட பொய் இல்லை. தினமும் எழுதுகிற வார்த்தை, கை தானாக எழுதிவிட்டது. எழுதி முடித்தபோது உறுத்தியது. அடிக்கவில்லை. விஜயதசமியன்று முதல் எழுத்தை அடிக்கலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பதினொரு மணிக்கு வந்து நாற்பத்தொன்றை வடித்தாள்.

அடுத்த வாரம் மாடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. "அண்ணே, மேல வாங்க, சீக்கிரம்!" தட்டைக் காட்டினாள். ஒரு வரிசை முழுக்க மஞ்சள். எலுமிச்சம்பழச் சோறு மாதிரி பளிச்சென்று இருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எந்தக் குளம்டா இது?" என்றார் என்னைப் பார்த்து.

"நம்ம குளம்தான் சார்."

"அட!" என்று ஒரு கணம் கையைக் கூப்பிவிட்டு, சட்டென்று கீழே இறக்கிக்கொண்டார். "ஒரு தடவை வந்தா ஒண்ணுமில்லை. மூணு தடவை வரட்டும்."

அன்றைக்கு பஸ்ஸில் ஸ்கேன் கவரோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கோயிலில் பூக்கட்டுகிறவளிடம் சொன்னாள். கனவும் அம்பாளும் அங்கிருந்து எங்கேயோ முளைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை ஊதா வந்தது. மூன்றாம் தடவையும் ஊதா.

அதற்கப்புறம் நான்கு மாசம் அந்தப் பெண் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன். உப்பை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். குடுவையில் சோப்பு ஒட்டியிருக்குமோ என்று எல்லாவற்றையும் அவளே மறுபடி கழுவினாள். அதே பாசி, அதே குடுவை, அதே அறை. என்னிடமும் வந்து கேட்டாள்.

"அண்ணே, அந்த லீவுல கரண்ட் எதாவது போச்சா?"

"பதிவேட்ல எழுதியிருக்கேனேம்மா" என்றேன்.

அவள் பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்து நான்கு வரிகளையும் பார்த்தாள். "ஆமா, எரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னதை நம்பவில்லை, எழுதினதை நம்பினாள்.

இருட்டுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவள் தேடுகிற வித்தியாசம் என் கையில் இருக்கிறது என்பது புரிந்தது. என்னை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாசம்தான் மேலிடத்துக்குப் போக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பேராசிரியர் அறைக்கு நான் காப்பி கொண்டு போனபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலை. ஆனா உன் வேலையைப் பரிசீலிக்கிற கமிட்டி கேட்கும். ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் யாரும் இல்லாத லீவு முடிஞ்ச நாள், உன் கையால வடிச்சது. அடுத்த மாசம் ரிவ்யூ. அதுக்குள்ளே திருப்பிக் காட்டு. இல்லேன்னா அந்த ரிசல்ட்டை எடுத்துடு, வேற வழி யோசிப்போம்."

"நான் எதையும் மாத்தலை சார்" என்றாள். காப்பியை மேஜைமேல் வைக்கும்போது தட்டில் சிந்தினேன்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாயா ஆச்சு ஒனக்கு? நாலு மாசமா கோயிலைச் சுத்துறே, ஒரு சுத்து மூணு சுத்தா ஆயிடுச்சு. ஒடம்பு பாதியாயிகினு வருது. இன்னா வேண்டுதலு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெளக்கை அணைச்சது தப்பா ரைட்டா எனக்குத் தெரியாது. சாமி முன்னாடி வச்ச பேனாவுல பொய்யி எழுதிட்டு, அந்தச் சாமிகிட்டயே போயி காப்பாத்துன்னு நிக்கிறியே, அதுக்கு இன்னா பேரு?"

"பர்மனென்ட் லிஸ்ட் போயிரும்டி."

"போவட்டுமே. நம்ம பொண்ணை ஒருத்தன் பொய்க்காரின்னு சொன்னா சும்மா இருப்பியா? அந்தத் தையக்காரரு இன்னா நெனச்சு அதைப் படிக்க அனுப்பிகினு கீறாரு?" கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சாப்ட்டு எந்திரி. பசியோட போயி உண்மை சொல்லாதே, மயக்கம் போட்டுருவே."

திங்கட்கிழமை பாசி அறையில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குடுவைப் பஞ்சு அடைப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முதலில் முகம் சிவந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எத்தனை மணி நேரம்ண்ணே? சரியாச் சொல்லுங்க."

"பூஜை அன்னிக்கு நாலு மணிக்கு அணைச்சேன். விஜயதசமி காலைல பத்துக்குப் போட்டேன்."

விரல்விட்டு எண்ணினாள். "நாப்பத்திரெண்டு." பஞ்சைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "பூஜை பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அது உங்க நம்பிக்கை. எழுதலியே நீங்க! ஒரு வார்த்தை, அணைந்திருந்ததுன்னு எழுதியிருந்தா, என் நாலு மாசம்..."

இருவருமாகப் பேராசிரியரிடம் போனோம். அவர் பதிவேட்டை வரவழைத்து, நான்கு வரிகளின் பக்கத்திலும் "தவறு. அணைந்திருந்தது" என்று என்னையே எழுதச் சொன்னார். பழைய எழுத்தை அழிக்கக் கூடாது, அதுவும் தெரிய வேண்டும் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உன்மேல மெமோ கொடுத்துத்தான் ஆகணும், தெரியறதா?"

"தெரியும் சார்."

"அந்தப் பொண்ணுகிட்ட நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு" என்றார். சொன்னாரா, என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே நாற்பத்தொன்றை இரண்டு பங்காக வைத்தார்கள். பாசி வளர்ந்ததும் ஒரு பங்கை வெளிச்சத்திலேயே விட்டு, இன்னொரு பங்கை மூடி இருட்டாக்க வேண்டும். மூட நல்ல கறுப்புத் துணி கிடைக்கவில்லை. அந்தத் தையில் மலைக்குப் போய்வந்த என் கறுப்பு வேட்டி துவைத்து மடித்து வீட்டில் இருந்தது. கொண்டு வந்து கொடுத்தேன். அதை இரட்டையாக மடித்துப் போர்த்தினாள். போர்த்திய நேரம், எடுத்த நேரம் இரண்டையும் பதிவேட்டில் நான்தான் எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

வேட்டிக்குள் இருந்தது மஞ்சள். வெளிச்சத்தில் இருந்தது ஊதா. மறுபடி செய்தார்கள், அதேதான். மூன்றாம் தடவையும் அதேதான். வெளிச்சம் இல்லாமல் திணறும்போது அந்தப் பாசி வேறு ஏதோ சரக்கைத் தயாரிக்கிறது என்று எனக்கு விளக்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் பந்தியில் கேட்ட கதை பாதியாவது நிஜமாகியிருக்கும். அடுத்தபடியாக, நோய் இல்லாத நல்ல செல்களின் மேல் அதே சாற்றை விட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நான் அன்று காலையில் குளத்தங்கரையில் நின்று வேண்டிக்கொண்டுதான் போனேன். தட்டைப் பார்த்தேன். எல்லாக் குழியிலும் மஞ்சள்.

"நல்லதையும் கொல்லுதுண்ணே. இது மருந்து இல்ல, விஷம்" என்றாள். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று கமிட்டிக்குத் தெரிந்துவிட்டது. வெளிச்சமும் இருட்டும் பாசியின் விஷத்தை எப்படி மாற்றுகிறது என்பதையே பொருளாக வைத்து எழுதிப் பட்டம் வாங்கினாள். புத்தகமான பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். நாற்பத்திரண்டு மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டது என்று இருந்தது. பூஜை என்று எங்கும் இல்லை.

"இருட்டு என் வேலைண்ணே, எழுதிட்டேன். பூஜை உங்களுது. நீங்கதான் எழுதணும்" என்றாள்.

அந்தப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு விளக்குகளுக்குப் பொட்டு மட்டும் வைத்தேன், அணைக்கவில்லை. பதிவேட்டைப் பூஜையில் வைக்கவில்லை. ஈசன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கோயிலை இன்றைக்கும் சுற்றுகிறேன், ஒரு சுற்றுதான்.

பந்தியில் பார்த்தவரைக் கை கழுவும் இடத்தில் மறுபடி பிடித்தேன். இதையெல்லாம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "அப்ப பாசி வேணாம்ன்றியா சார்?" என்று மட்டும் கேட்டார். "வேணாம். முதல்ல ஆபரேஷனுக்கு நாள் குறியுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போனார். அவர் மச்சினியைப் பற்றி அப்புறம் தகவல் இல்லை.

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தக் கதை எப்படியும் வாய்க்கு வாய் போகும், அதை நான் நிறுத்த முடியாது. போகும்போது என் கனவில் அம்பாளை வரவழைக்காதீர்கள். வெள்ளைக்காரனைக் கொண்டு வராதீர்கள். சொல்வதானால் விளக்கை அணைத்ததைச் சொல்லுங்கள், எரிகிறது என்று நான் எழுதியதைச் சொல்லுங்கள், அதனால் ஒரு பெண் நான்கு மாசம் பொய்க்காரி மாதிரி நின்றதைச் சொல்லுங்கள். கடைசித் தட்டில் நல்ல செல்லும் செத்து மஞ்சளாக இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி விட்டுப்போனால் யாரோ ஒருவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்கு இறங்கிவிடுவார். இதில் உள்ளதை அடிக்காமல், கூட்டாமல், அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.